வெண்டிரையும் மலையக முகமும்

வேடம் புனைதல் நடிப்புக் கலையின் உயிர்நிலை. தானல்லாத ஒருவராய்த் தோன்றி, அவர்தம் இன்ப துன்பங்களைத் தன்னுடையன போலக் காட்ட வல்லோனே நடிகன். வடமொழி நாட்டிய நூலார் அபிநயம் நான்கெனக் கொண்டு, ஒப்பனையும் அணியும் பற்றியதனை ஆகார்யம் எனப் பெயரிட்டு, பாத்திரத்திற்கேற்ற வண்ணப்பூச்சினையும் வகுத்துரைத்தனர். மலையகத் தோட்டங்களில் மாசித் திங்களில் ஆடப்பெறும் காமன் கூத்திலே, பகலெல்லாம் மலையில் உழைத்த தொழிலாளி இரவில் மன்மதனாகின்றான். ஆடவன் ஒருவன் இரதியாய் நின்று புலம்ப, லயத்து முற்றத்திற் கூடியிருப்போர் கண் கலங்குகின்றனர். ஆங்கு முகத்திற் பூசிய அரிதாரம் எவரையும் இழிவு செய்வதில்லை. எவருடைய இடத்தையும் பறிப்பதுமில்லை.

அங்ஙனமாயின், திரைப்படத்தில் ஓரினத்தார் வேடத்தை மற்றோரினத்தார் புனைவதைக் குறையெனக் கூறுவது ஏன்? வெள்ளையரல்லாத பாத்திரத்திற்கு வெள்ளை நடிகரை அமர்த்துதலையும், பிறர் பட்ட பாட்டை வெள்ளையர் வரலாறாக மாற்றிக் காட்டுதலையும் ஆங்கிலத்தார் ‘வெள்ளையடித்தல்’ எனப் பொருள்படும் ஒரு சொல்லால் வழங்குவர். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு கீழிருந்த சித்திரத்தை மறைப்பது போல, இப்பூச்சும் கீழிருந்த முகத்தை மறைத்துவிடுகின்றது என்பது அச்சொல்லின் கருத்து. இலங்கையின் நடுவண் அமைந்த தேயிலை மலைகளிலும் அவற்றின் சாரலிலும் பிறநாட்டார் எடுத்த படங்களை ஒருங்கு வைத்து நோக்கின், கூத்தின் வேடத்திற்கும் திரையின் பூச்சிற்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும்.

முதற்கண் இவ்வழக்கம் வளர்ந்த இடத்தைச் சுருக்கமாகக் காணுதல் தகும். 1937 ஆம் ஆண்டு ஹொலிவூட்டில் சீன உழவர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு ‘நல்ல நிலம்’ எனப் பொருள்படும் பெயருடைய படம் வெளிவந்தது. சீன வழித்தோன்றலாகிய அன்னா மே வொங் அக்காலத்திற் புகழ்பெற்ற நடிகையாக இருந்தும், உழவன் மனைவியின் வேடம் ஜேர்மனியிற் பிறந்த லூயிஸ் ரெயினருக்கே அளிக்கப்பட்டது. கணவனாக நடித்தவர் போல் முனி என்னும் வெள்ளையர். வெவ்வேறு இனத்தார் திரையிற் காதலராய்த் தோன்றுதலை அக்காலத் தணிக்கை விதி விரும்பவில்லை. ஆதலின் ஒரு பூச்சு மற்றொரு பூச்சினை வேண்டி நின்றது. ரெயினர் அவ்வேடத்திற்கு ஒஸ்கார் பரிசும் பெற்றார். இந்திய மருத்துவர் ஒருவரின் பாத்திரத்தை 1939 இல் ரைறன் பவரும், அதே கதை 1955 இல் மீண்டும் படமானபோது றிச்சாட் பேட்டனும் முகத்திற்குக் கபிலநிறம் பூசி நடித்தனர். நடித்தோர் திறனற்றவர் அல்லர். திறமுடைய இந்தியர் அவ்வாசலுள் அழைக்கப்படவில்லை என்பதே குறை.

இனி மலையகத்திற்கு வருவோம். 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து இத்தீவின் தேயிலை வரலாறு தொடங்குகின்றது. கோப்பிக் காலத்திலேயே தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் வழி வந்த தமிழ் மக்கள் காடழித்தனர், பாதை வெட்டினர், லயங்களிற் குடியேறினர். அவர்தம் வழித்தோன்றல்களே நுவரெலியா, ஹற்றன், பதுளைப் பகுதிகளின் மலைச்சரிவுகளைப் பசுமையாக்கினர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கிற்று. 1953 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, இந்தியத் தமிழர் எனக் குறிக்கப்பட்டோரை ஏறத்தாழ 974,000 எனக் கணக்கிட்டது. அஃது அன்றைய இலங்கை மக்களுள் நூற்றுக்குப் பன்னிருவர் என்னும் அளவாகும். தேயிலைப் பெட்டியிலும் விளம்பரச் சுவரொட்டியிலும் கூடை சுமந்த பெண்ணின் படம் உலகெங்கும் சென்றது. அப்பெண்ணின் பெயரை அறிந்தார் இலர்.

இம்மலைகளைத் திரையில் உலகறியச் செய்த தொடக்ககாலப் படங்களுட் சிறந்தது 1934 இல் பசில் றைற் இயக்கி, ஜோன் கிரியர்சன் தயாரித்த ‘இலங்கைப் பாடல்’ என்னும் விவரணப் படம். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பொருட்டு எடுக்கப்பட்ட அப்படம் கலையழகால் இன்றும் போற்றப்படுகின்றது. சிவனொளிபாத மலைக்கு ஏறும் யாத்திரிகர், சிங்களக் கிராமத்தின் அன்றாட வாழ்வு, கண்டிய நடனம் ஆகியவை அதில் உள்ளத்தைக் கவரும் வண்ணம் காட்டப்பெறுகின்றன. பதினேழாம் நூற்றாண்டிற் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் எழுதிய நூலின் பகுதிகளை லயனல் வென்ற் தம் குரலால் வாசிக்கின்றார். வாணிகத்தின் குரல்கள் ஒலிக்கும் பகுதியும் உண்டு. ஆயினும் கொழுந்து பறித்தோர் யாவர், எங்கிருந்து வந்தனர், எம்மொழியிற் பேசினர் என்பன அதிற் சொல்லப்படவில்லை. தேயிலையின் பணத்தால் எடுக்கப்பட்ட படத்தில் தேயிலைத் தொழிலாளியின் கதை இல்லை. யாத்திரிகர் ஏறும் அம்மலையின் அடிவாரமோ மஸ்கெலியாத் தோட்டங்களாற் சூழப்பட்டது. முகத்திற்குப் பூச்சிடாமலே முகத்தை மறைக்கலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இருபது ஆண்டுகள் கழித்து, 1954 இல், பரமவுண்ட் நிறுவனத்தார் ‘யானை நடை’ எனப் பொருள்படும் பெயரோடு ஒரு வண்ணப் படத்தை வெளியிட்டனர். றொபேட் ஸ்ரான்டிஷ் என்னும் புனைபெயரில் எழுதப்பட்ட நாவலைத் தழுவியது அது. இயக்கியவர் வில்லியம் டீற்றலே. தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் இங்கிலாந்திலிருந்து மணம் முடித்து மனைவியை அழைத்து வருகின்றார். யானைகள் வழக்கமாகச் செல்லும் தடத்தை மறித்து அவர் தந்தை கட்டிய பெரிய பங்களாவே கதைக்களம். கொள்ளை நோய் பரவுகின்றது. ஈற்றில் யானைக் கூட்டம் பங்களாவை அழிக்கின்றது. 1953 இல் இலங்கையிற் படப்பிடிப்புத் தொடங்கியபோது நாயகியாயிருந்தவர் தார்ஜிலிங்கிற் பிறந்த விவியன் லீ. அவர் நோயுற்றமையால் எலிசபெத் ரெய்லர் அவ்விடத்திற் சேர்ந்தார். துரையாகப் பீற்றர் பிஞ்சும், உதவித் துரையாக டானா அன்ட்றூசும் நடித்தனர்.

அப்படத்தில் உள்நாட்டாருக்குரிய தலைமைப் பாத்திரம் அப்புஹாமி என்னும் பங்களாத் தலைமைப் பணியாளன். இறந்துபோன பழைய துரையிடம் மாறாப் பற்றுடைய அவன், புதிய துரைசானியை ஏற்க மறுக்கின்றான். கதையின் நெருடல் பெரிதும் அவன்பாலதே. அவ்வேடத்தைப் புனைந்தவர் இரங்கூனிற் பிறந்த யூத நடிகராகிய ஏபிரகாம் சோபர். மலையும் யானையும் நடனமும் இத்தீவிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டன. பேசுவதற்குரிய ஒரு பெரிய உள்நாட்டுப் பாத்திரம் வேற்று நாட்டாருக்குச் சென்றது. தமிழ்த் தொழிலாளருக்கோ அதுவும் இல்லை. பெரட்டுக்கு நிற்கும் கூட்டமாகவும் நோயில் மடியும் கூட்டமாகவுமன்றி, கதையின் போக்கைத் திருப்பும் தமிழ்ப் பாத்திரம் ஒன்றேனும் அதிற் காணப்படாது. நாட்டிலே எட்டுப் பேருக்கு ஒருவராய் எண்ணப்பட்ட அதே ஆண்டில், திரையில் அவர்கள் ஒருவராகவும் எண்ணப்படவில்லை.

இப்பூச்சு ஒருவழிப் பாதை என்பதற்கு மேள் ஓபரன் என்னும் நடிகையின் வாழ்வே சான்று. 1911 இல் பம்பாயிற் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த அவர், தாய்வழியில் இலங்கைக் கலப்பினக் குருதி உடையவர். இங்கிலாந்து சென்று நடிகையானதும், தாம் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவிற் பிறந்த வெள்ளைக் குடும்பத்தவர் என்னும் கதையைத் தாங்கி நிற்க வேண்டியவரானார். 1935 ஆம் ஆண்டுப் படம் ஒன்றிற்காகச் சிறந்த நடிகைக்குரிய ஒஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, ஆசியக் குருதியுடைய ஒருவர் அச்சிறப்பைப் பெறுகின்றார் என்பதை உலகம் அறியவில்லை. 1979 இல் அவர் இறந்த பின்னரே உண்மை நூல்களில் வெளிப்பட்டது. வெள்ளை நடிகர் கருமை பூசிக்கொண்டால் அது நடிப்பு, பரிசும் கிடைக்கும். கீழைக் குருதி உடையவரோ அதனை வாழ்நாள் முழுதும் மறைத்தால்தான் வாசல் திறக்கும். முன்னவர் இரவில் அரிதாரத்தைக் கழுவிவிடலாம்; பின்னவர் கழுவவே இயலாது.

முகத்தை மாற்றுவதினும் ஆழமானது வரலாற்றை மாற்றுதல். அவிசாவளையிலிருந்து ஹற்றன் செல்லும் பெருந்தெருவில், களனி கங்கைக் கரையில் உள்ளது கித்துல்கல. அங்கேதான் 1957 இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் படத்திற்காக டேவிட் லீன் மரப்பாலம் ஒன்றைக் கட்டுவித்துத் தகர்த்துக் காட்டினார். ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்ற அப்படம், இரண்டாம் உலகப் போரிற் சீயம்-பர்மா இருப்புப்பாதையை அமைத்த பிரித்தானியப் போர்க்கைதிகளின் மானத்தையும் பிடிவாதத்தையும் பற்றியது. அவர்கள் பட்ட துன்பம் மெய்யானதே. அப்பாதையில் உழைத்த 60,000 க்கு மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகளுள் 12,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அதே பாதையில் யப்பானியர் கொண்டுவந்து நிறுத்திய ஆசியத் தொழிலாளர் தொகை அதனினும் பன்மடங்கு. அவர்களுள் இறந்தோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடுவர். மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர்.

அத்தமிழருக்குக் கல்லறை வரிசையும் இல்லை. அப்படத்தில் இடமும் இல்லை. பாலம் கட்டிய இடத்திலிருந்து மேலே ஏறிச் சென்றால் வருவது, அவர்களைப் போலவே கங்காணிமார் வழி கடல் கடந்து வந்தோரின் உறவினர் வாழும் மலை. மலாயாவுக்குக் கப்பல் ஏறியவரும் இலங்கைக்குத் தோணி ஏறியவரும் பல வேளைகளில் ஒரே மாவட்டத்தார். ஒருவர் மாண்ட கதையை மற்றவர் வாழும் மலையடிவாரத்திற் படமாக்கியும், இருவரையும் விடுத்துக் கதை சொல்ல முடிந்தது. இப்படத்திற் கேணலாக நடித்து ஒஸ்கார் பெற்ற அலெக் கின்னஸே, 1984 இல் அதே டேவிட் லீன் எடுத்த ‘இந்தியாவுக்கு ஒரு பயணம்’ என்னும் படத்தில் கபிலப் பூச்சுடன் கோட்போலே என்னும் பிராமணப் பேராசிரியராகத் தோன்றினார் என்பது குறிக்கத்தக்கது. இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தும், இந்தியரின் குரலுக்கு ஆங்கில நா வேண்டியிருந்தது.

அதே 1984 இல் வெளிவந்தது ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கிய இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாம் படம். கதை நிகழ்வது வட இந்தியாவில். இந்திய அரசினர் கதையிற் சில மாற்றங்களை வேண்டியமையால், படப்பிடிப்பு இலங்கைக்கு மாறிற்று. வறுமையுற்ற இந்தியக் கிராமம் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானை மலைப்புறத்தில் அமைக்கப்பட்டது. கிராமத்துப் பூசாரியாகச் சிங்களத் திரையின் மதிப்புக்குரிய கலைஞர் டி. ஆர். நாணயக்கார நடித்தார்; ‘இந்தியக்’ கிராமத்தார் சிங்களத்திற் பேசினர். உலக அவையோருக்கு அவ்வேறுபாடு தெரிந்திருக்க நியாயமில்லை.

இங்கு நேர்ந்த முரணை ஊன்றி நோக்குக. ஹந்தானையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்தோர் மெய்யாகவே இந்தியாவிலிருந்து வந்தோரின் மக்கள். இந்தியர் என்று சொல்லியே 1948 இல் அவர்களின் உரிமை பறிக்கப்பட்டது. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. படப்பிடிப்பு நிகழ்ந்த 1983 இலும் பல்லாயிரவர் எந்நாட்டுக் குடியுரிமையும் இன்றி இருந்தனர். சட்டத்தின் முன் இந்தியராக நிறுத்தப்பட்டவர் திரையில் இந்தியராகத் தோன்றவும் அழைக்கப்படவில்லை. குற்றம் நாணயக்காரவினது அன்று. தமக்கு வந்த வேடத்தை அவர் செவ்வனே செய்தார். கீழை நாட்டார் யாவரும் ஒருவரே, எம்மொழியாயினும் ஒன்றே என்னும் எண்ணத்தில்தான் குற்றம் உளது.

இத்தவறு வெள்ளையருக்கே உரியது எனக் கொள்ளுதல் பொருந்தாது. தமிழ்த் திரையுலகம் சிவந்த மேனியைப் பல்லாண்டுகளாக அழகின் அளவுகோலாகக் கொண்டு, தமிழறியாத நாயகியரை வட நாட்டிலிருந்து வருவித்து, இரவற் குரலிற் பேசச் செய்து வருகின்றது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டானியல் 1969 இல் எழுதிய ஆங்கில நாவலைத் தழுவி, பாலா 2013 இல் ‘பரதேசி’யை இயக்கினார். தோட்டத் தொழிலாளர் துயரை அவ்வளவு கடுமையாகக் காட்டிய தமிழ்ப் படங்கள் மிகச் சில. அதிலும் நாயகியின் மேனி ஒப்பனையால் கருமையாக்கப்பட்டது. இலங்கைப் போரைக் கூறிய மணிரத்தினத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தில் ஈழத் தாயாகத் தோன்றியவர் நந்திதா தாஸ். பிரசன்ன விதானகேயின் ‘நீ இன்றி நீயோடு’ எனப் பொருள்படும் சிங்களப் படத்தில் (2012), மலையகச் சிறுநகரில் தஞ்சம் புகுந்த வட இலங்கைத் தமிழ்ப் பெண் செல்வியாக நடித்துப் பரிசு பெற்றவர் மராட்டியராகிய அஞ்சலி பாட்டீல். இவர்கள் யாவரும் நல்ல கலைஞர்கள். இப்படங்களும் நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டவையே. ஆயினும் கருமுகத்திற்குரிய கதை வந்தபோதும் கருமுகம் அழைக்கப்படவில்லையெனின், அது வேறெப்போது அழைக்கப்படும் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

அவ்வாறாயின் தமிழன் வேடத்தைத் தமிழனும், சிங்களவன் வேடத்தைச் சிங்களவனும் அன்றிப் பிறர் புனைதல் ஆகாது என விதிக்கலாமோ எனின், அது கலையையே சிறையிலிடுவதாகும். 1979 இல் சுனில் ஆரியரத்ன இயக்கிய ‘சருங்கலே’ படத்திற் சிங்களத் திரையின் முதன்மை நடிகர் காமினி பொன்சேகா, நடராசா என்னும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞராக நடித்தார். அவர் தமிழ் பேசிப் பழகி, அம்மனிதரின் பெருமையையும் புண்ணையும் உணர்ந்து காட்டியமையால், தமிழ் மக்களும் அவரைத் தம்மவராகக் கண்டனர். மறுபுறம், 1947 இல் மதுரையில் உருவான முதற் சிங்களப் பேசும் படமாகிய ‘கடவுணு பொரொந்துவ’வின் நாயகி ருக்மணி தேவி, நுவரெலியா மாவட்டத்து ரம்பொடையிற் பிறந்தவர், கொழும்புச் செட்டிக் குடும்பத்தவர். டெய்சி இராசம்மா டானியல்ஸ் என்பது அவரது இயற்பெயர். சிங்கள மக்கள் அவர் குரலைத் தம் குரலாகவே போற்றினர்.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? வேடம் கடத்தல் குற்றமன்று. கடந்து செல்பவன் தான் காட்டும் மனிதனின் மொழியையும் நெஞ்சையும் அறிய முயன்றானா என்பது முதல் வினா. அம்மனிதனுக்கும் அதே அரங்கில் ஏறி வேறொருவனாய் நிற்க வாய்ப்புண்டா என்பது இரண்டாம் வினா. காமன் கூத்திலே தொழிலாளி தெய்வமாகலாம், ஆடவன் பெண்ணாகலாம், அடுத்த ஆண்டு வேடம் மாறலாம். வாசல் யாவர்க்கும் பொது. திரையிலோ ஒரு சாரார் எவ்வேடமும் புனையலாம். மறு சாரார் தம் வேடத்தையும் புனையலாகாது. இவ்வேற்றுமையே வெள்ளையடித்தலின் சாரம்.

பெரும் பொருட்செலவிற் செய்யப்படும் படத்திற்குப் புகழ்பெற்ற முகம் வேண்டும், அறியப்படாதவரை நம்பி முதலிடுவார் இலர் என்பது தயாரிப்பாளர் கூறும் மறுப்பு. அம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அழைக்கப்படாதவர் புகழ்பெறுதல் யாங்ஙனம்? புகழ் இன்மையால் வேடம் இல்லை, வேடம் இன்மையால் புகழ் இல்லை என்னும் இச்சுழலை யாரேனும் ஒருவர் உடைத்தே ஆகவேண்டும். ஜாக் ஓடியார் என்னும் பிரெஞ்சு இயக்குநர் 2015 இல் ‘தீபன்’ படத்தின் நாயகனாக, இலங்கைப் போரினின்றும் தப்பிச் சென்ற எழுத்தாளராகிய ஷோபாசக்தியை அமர்த்தினார். முன்னணி நடிகரென அறியப்படாத அவரோடு, படத்தின் பெரும்பகுதி தமிழிலேயே பேசப்பட்டும், அது கான் விழாவின் தலைமைப் பரிசைப் பெற்றது.

மலையக மக்கள் தாமே தம் முகத்தைத் திரையிற் காட்ட முயன்ற வரலாறும் உண்டு. 1963 இல் வெளிவந்த ‘தோட்டக்காரி’ தன் பெயரிலேயே தோட்டத்தைத் தாங்கிற்று. மலையகத் தொழிற்சங்கத் தலைவராகிய வி. பி. கணேசன் ‘புதிய காற்று’ (1975), ‘நான் உங்கள் தோழன்’ (1978), ‘நாடு போற்ற வாழ்க’ (1981) ஆகிய படங்களைத் தயாரித்து, தாமே நாயகனாகவும் நடித்தார். சென்னைப் படங்களின் பெருக்கிற்கு எதிர்நின்ற இம்முயற்சிகள் நிலைத்த ஒரு துறையாக வளரவில்லை. ஆயினும் தோட்டத் தொழிலாளி கூட்டத்திலொருவனாக அன்றிக் கதைத்தலைவனாக நிற்கலாம் என்பதை அவை மெய்ப்பித்தன.

2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவருக்கும் குடியுரிமை வழங்கிற்று. 2023 இல் மலையகத் தமிழர் தம் வருகையின் 200 ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தனர். ஏட்டில் எழுதிய உரிமை கண்ணுக்குப் புலனாகும் உரிமையாக மாறுதற்குக் கலையும் துணைபுரிதல் வேண்டும். ஒரு மக்கட் கூட்டத்தைப் பிறர் அறிவது பெரும்பாலும் கதையின் வாயிலாகவே. கதையில் இல்லாதவரை நாட்டிலும் இல்லாதவராகக் கருதுதல் எளிது. மலையகப் பாடசாலைகளிலும் கல்லூரி அரங்குகளிலும் நடிப்பையும் ஒளிப்பதிவையும் கதை எழுதுதலையும் பயிலும் இளைஞர் தொகை பெருகுமாயின், வெளியார் வந்து மலையை மட்டும் படம்பிடித்துச் செல்லும் காலம் மாறும். அங்ஙனம் எடுக்கப்படும் படத்தில் ரம்பொடையின் அருவியும் ஹந்தானையின் மூடுபனியும் முன்போலவே தோன்றும். அவற்றினிடையே கொழுந்துக் கூடையோடு நடந்து வரும் பெண்ணுக்கு ஒரு பெயரும், பேசுவதற்கு நான்கு சொல்லும் இருக்கும்.